கோ-கோ ஆடிவிட்டுக் கணக்குப் போட்ட வருஷம்

கொரோனாவுக்காக மூடிய பள்ளியைத் திரும்பத் திறந்தபோது நான் பத்தாம் வகுப்புக்கு வந்திருந்தேன். கடைசியாக அந்தக் கேட்டைத் தாண்டி வெளியே வந்தபோது எட்டாம் வகுப்பு. நடுவில் ஒன்பதாம் வகுப்பு என்று ஒன்று அப்பாவின் போனுக்குள்ளேயே நடந்து முடிந்திருந்தது.

மாரண்டஹள்ளிக்குக் கொஞ்சம் தள்ளி, தக்காளித் தோட்டத்துக்கு நடுவில் எங்கள் வீடு. வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. மாட்டுக் கொட்டகையை ஒட்டிய சுவர் மூலையில் மட்டும் கிடைக்கும். அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவள்தான், பள்ளி திறக்கும்வரை எழுந்திருக்கவே இல்லை என்று அம்மா சொல்வாள். பாடம் நடந்த நேரம் போக மற்ற நேரத்திலும் அந்த நாற்காலியில்தான் இருந்தேன். போனில் பார்ப்பதற்கு எப்போதும் ஏதாவது இருந்தது.

பள்ளி திறப்பதற்கு முன்னால் எடுத்துப் பார்த்தால், பழைய சீருடையில் கையை நுழைக்க முடியவில்லை. புதியது தைத்துப் போட்டுக்கொண்டு முதல் நாள் போனேன். பத்தாம் வகுப்பு மாடியில். படியேறி வகுப்புக்குள் போய் உட்கார்ந்தபோது மூச்சு வாங்கியது. சுற்றிலும் பார்த்தேன். பாதிப் பேருக்கு மேல் அதே கதைதான்.

உடம்பு கனத்ததைப் பற்றி நான் பெரிதாகக் கவலைப்படவில்லை. தலை வேலை செய்யாததுதான் பயமாக இருந்தது. கணக்கு மிஸ் போர்டில் ஒரு கணக்கை எழுதி, முதல் படி, இரண்டாம் படி என்று சொல்லிக்கொண்டு போவார். இரண்டாம் படி புரியும்போது முதல் படி மறந்து போயிருக்கும். திரும்ப முதல் படியைப் பார்த்துவிட்டு வந்தால் மிஸ் நான்காம் படியில் இருப்பார். தமிழ்ப் பாடத்திலும் அப்படித்தான். ஒரு பத்தியின் கடைசி வரிக்கு வரும்போது அது எதைப் பற்றிய பத்தி என்று யோசிக்க வேண்டியிருக்கும். எட்டாம் வகுப்பில் நான் நன்றாகப் படிக்கிற பெண். அந்தப் பெண் எங்கே போனாள் என்று எனக்கே தெரியவில்லை.

அம்மா என்னைப் பாலக்கோட்டுக்குக் கண் டாக்டரிடம் அழைத்துப் போனாள். கண்ணில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். வருகிற வழியில் சந்தையில் ஒரு கட்டு வல்லாரைக் கீரை வாங்கினாள். அன்றிலிருந்து தினமும் காலையில் வல்லாரைத் துவையல்தான். "மூளைக்கு நல்லது கண்ணு, மூஞ்சியச் சுளிக்காம தின்னு" என்பாள். அதன் கசப்பு இப்போதும் நாக்கில் நிற்கிறது.

என் பக்கத்தில் உட்கார்ந்தவள் எங்கள் ஊர்க்காரி. இரண்டு வயல் தாண்டினால் அவள் வீடு. அவர்கள் வீட்டில் கன்னடம் பேசுவார்கள். வெளியில் எங்களோடு தமிழ். ஆனால் கணக்குப் போடும்போதும் கோபம் வரும்போதும் அவளுக்குக் கன்னடம்தான் வரும். எட்டாம் வகுப்பில் நாங்கள் இருவரும் பள்ளியின் கோ-கோ அணியில் இருந்தோம். எங்கள் ஆட்களில் அவளைப் போல ஓட யாராலும் முடியாது. அப்படிப்பட்டவளைக் காலையில் சிறப்பு வகுப்பு, பகல் முழுக்கப் பாடம், மாலையில் மறுபடியும் சிறப்பு வகுப்பு என்று பெஞ்சில் கட்டிப் போட்டால் என்ன ஆகும்? கால் ஆடிக்கொண்டே இருக்கும். அவள் கால் ஆடினால் பெஞ்ச் ஆடும். பெஞ்ச் ஆடினால் என் கையெழுத்து ஆடும்.

விளையாட்டுப் பீரியடு என்று நேர அட்டவணையில் இருந்தது. விட்டுப்போன பாடங்களை முடிக்க வேண்டும் என்பதால் ஒரு வாரம் கணக்கு மிஸ் அதை எடுத்துக்கொள்வார், மறுவாரம் அறிவியல் சார். பி.டி. சார் அலுவலக அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மாணவர் விவரங்களைப் பதிவேற்றிக்கொண்டிருப்பார். ஜன்னல் வழியாக மைதானம் தெரியும். ஆளரவம் இல்லாமல் கிடந்ததில் முழுக்க நெருஞ்சி படர்ந்திருந்தது. கோ-கோ கம்பம் இரண்டும் அதற்கு நடுவில் நின்றுகொண்டிருந்தன.

அக்டோபர் மழை விட்டிருந்த ஒரு நாள், கணக்கு மிஸ் போர்டில் ஒரு இருபடிச் சமன்பாட்டை எழுதி எங்கள் இருவரையும் எழுப்பினார். காரணிப்படுத்த வேண்டும். பெருக்கினால் முப்பத்தாறு, கூட்டினால் பதினைந்து வரும் இரண்டு எண்களைக் கண்டுபிடித்துவிட்டால் போதும். இப்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு எனக்கு ஒன்பதும் நாலும் தவிர வேறு எதுவும் தோன்றவில்லை. ஒன்பதையும் நாலையும் எத்தனை தடவை கூட்டினாலும் பதின்மூன்றுதான் வந்தது. அவள் வாயைத் திறக்கவே இல்லை.

"ரெண்டு பேரும் வெளிய நில்லுங்க. வந்துச்சுன்னா உள்ள வாங்க" என்றார் மிஸ்.

வராந்தாவில் நின்றோம். கொஞ்ச நேரம் பொறுத்து அவள் என் காதில் கேட்டாள்.

"ஓடலாமா?"

"எங்கடீ?"

"கீழ. கம்பத்தைத் தொட்டுட்டு வந்துரலாம். மிஸ் போர்டைத்தான் பாத்துக்கிட்டிருக்காங்க."

வேண்டாம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவள் படியில் இறங்கிவிட்டாள். தனியாக நிற்கப் பயந்து நானும் இறங்கினேன். நெருஞ்சிக்குள் ஓடினோம். ஈரத் தரை செருப்பை இழுத்தது. "பேகா பேகா!" என்று அவள் முன்னால் கத்திக்கொண்டு போனாள். சீக்கிரம் என்பதற்கு அவர்கள் பாஷையில் அதுதான். தூரத்துக் கம்பத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பி மாடியேறியபோது எனக்கு நெஞ்சு அடித்த அடியில் காது அடைத்துவிட்டது. கதவருகே மிஸ் நின்றிருந்தார்.

"நிக்கச் சொன்னா ஊர் சுத்திட்டு வர்றீங்களா? வா, வந்து போர்டுல போடு."

சாக்பீஸை என் கையில்தான் கொடுத்தார். எனக்கு இன்னும் மூச்சு நிற்கவில்லை. போர்டைப் பார்த்தேன். பின்னாலிருந்து அவள் தனக்குத்தானே முணுமுணுத்தது கேட்டது. "ஹன்னெரடு மூர்லி..." என்று கன்னடத்தில் ஏதோ வாய்ப்பாடு. ஆனால் அதற்கு முன்னாலேயே என் கை பன்னிரண்டு என்று எழுதியிருந்தது. பன்னிரண்டும் மூன்றும். பெருக்கினால் முப்பத்தாறு, கூட்டினால் பதினைந்து. அடுத்த படியை எழுதும்போது முந்தைய படி அழியாமல் தலைக்குள் அப்படியே இருந்தது. பள்ளி திறந்த பிறகு ஒரு கணக்கை முழுசாகப் போட்டது அன்றைக்குத்தான்.

"வெளிய யாரைக் கேட்டுட்டு வந்தீங்க?" என்றார் மிஸ். அவர் நம்பவில்லை. நானே நம்பாதபோது அவரைச் சொல்லி என்ன?

மத்தியானம் சாப்பிடும்போது அதைப் பற்றியே பேசினோம். ஒருவேளை தற்செயலாக இருக்கலாம் என்றேன். "தற்செயலோ என்னவோ, எனக்குக் கால் ஆட்ற பிரச்சினை இல்ல இப்ப, பாரு" என்று பெஞ்சைக் காட்டினாள். அன்று பிற்பகல் முழுக்க அவள் கால் சும்மா இருந்தது.

மறுநாள் எட்டாம் வகுப்பு அணியில் ஆடிய பெண்கள் எல்லோரையும் சேர்த்துக்கொண்டு கணக்கு மிஸ்ஸிடம் போய் நின்றோம். மிஸ் தர்மபுரியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். முழங்கால் வலி. நாற்காலியை விட்டு எழும்போது மேஜையைப் பிடித்துக்கொண்டுதான் எழுவார். அவர் எழுந்தாலே நாங்கள் பயப்படுவோம்.

"மிஸ், வாரத்துல ஒரு பி.டி. பீரியடு மட்டும் எங்களுக்கு விட்டுருங்க மிஸ்."

"பப்ளிக் முடியட்டும். அப்புறம் வருஷம் பூரா ஆடுங்க. யாரு வேணாங்கறது?"

"அதுக்குள்ள நாங்க கெழவி ஆயிருவோம் மிஸ்" என்றாள் என் தோழி.

மிஸ்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்கத் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். பிறகு சொன்னார்: "பீரியடு கெடையாது. காலையில சிறப்பு வகுப்புக்கு முன்னாடி வர்றதா இருந்தா வாங்க. மைதானத்தை நீங்களே சுத்தம் பண்ணிக்கணும். வகுப்புல ஒருத்தி கொட்டாவி விட்டாலும் அன்னைக்கோட சரி."

மழை பெய்த மண் என்பதால் நெருஞ்சி வேரோடு வந்தது. ஒரு வாரம் காலையில் குனிந்து குனிந்து பிடுங்கினோம். ஆட்டம் தொடங்குவதற்கு முன்னாலேயே இடுப்பும் தொடையும் வலித்தன. பி.டி. சார் ஒரு நாள் அந்தப் பக்கம் வந்து பார்த்துவிட்டுப் போய், சுண்ணாம்பு வாளியோடு திரும்பி வந்தார். கோடு போட்டுக் கொடுத்துவிட்டு, "ரொம்ப நாளாச்சு" என்று மட்டும் சொன்னார்.

கோ-கோ தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். துரத்துகிற அணி இரண்டு கம்பத்துக்கும் நடுவில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஒருத்தி இந்தப் பக்கம் பார்த்து, அடுத்தவள் அந்தப் பக்கம் பார்த்து. துரத்துகிறவள் ஒரு திசையில்தான் ஓட வேண்டும், வரிசையைக் குறுக்கே தாண்டக் கூடாது. ஓடுகிறவள் மட்டும் எப்படி வேண்டுமானாலும் புகுந்து வெளியேறலாம். அவள் மறுபக்கம் போய்விட்டால், அந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பவள் முதுகில் தட்டி "கோ!" என்று சொல்ல வேண்டும். உடனே அவள் எழுந்து துரத்த வேண்டும். இவள் அவள் இடத்தில் உட்கார வேண்டும். வேகம் மட்டும் இருந்தால் போதாது. உட்கார்ந்திருக்கும்போதே அடுத்தது என்ன என்று ஒவ்வொருத்தியும் யோசித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

முதல் சில நாட்கள் மோசம். எனக்குக் கோ கொடுத்தால் நான் எழுவதற்குள் ஓடுகிறவள் கம்பத்தைச் சுற்றிவிடுவாள். எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை மறந்து நடுவில் நிற்பேன். ஆனால் மெதுவாக ஏதோ ஒன்று பிடிபட்டது. மைதானத்தில் பிடிபட்ட அதே வாரங்களில் வகுப்பிலும் பிடிபட்டது. வியர்வை காயாமல் போய் உட்கார்ந்து சிறப்பு வகுப்பில் போடுகிற கணக்கு எனக்கு வந்தது. மாலை வகுப்பில் போடுவதுதான் கொஞ்சம் தள்ளாடியது.

வீட்டில்தான் பிரச்சினை. விடிகாலை பஸ்ஸைப் பிடிக்க நான் ஓடுவது ஆட்டத்துக்காக என்று அம்மாவுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள்.

"பத்தாவது படிக்கற புள்ள, வயசுக்கு வந்த புள்ள, மண்ணுல பொரண்டுட்டு இருந்தா ஊரு என்ன சொல்லும்? நானே வந்து அந்த டீச்சரைக் கேக்கறன்" என்றாள்.

சொன்னபடியே வந்தாள். தக்காளிப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு மண்டிக்குப் போகிற டெம்போவில் அப்பாவோடு வந்து பள்ளி வாசலில் இறங்கினாள். நாங்கள் ஆட்டத்தின் நடுவில் இருந்தோம். நான் ஓடுகிற அணி. அம்மா கேட்டுக்கு உள்ளே முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் ஓட மறந்துவிட்டேன். என்ன சொல்லித் திட்டப் போகிறாளோ என்று அவளையே பார்த்தபடி நின்றேன். என் தோழி பின்னாலிருந்து என்னை நோக்கி வந்துகொண்டிருந்தாள்.

"ஏய், பின்னாடி பாருடீ! வர்றா பாரு! ஓடு!"

கத்தியது அம்மா.

நான் குனிந்து வரிசைக்குள் புகுந்து மறுபக்கம் போனேன். அம்மா மைதானத்தின் கோட்டுக்கு வந்துவிட்டாள். "அந்தப் பக்கம்! அந்தப் பக்கம் போ கண்ணு!" என்று கையை வீசினாள். வெளியே அப்பா டெம்போ ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தார். அம்மாவுக்குக் காதில் விழவில்லை. ஆட்டம் முடிந்த பிறகுதான் தான் எதற்கு வந்தோம் என்பது நினைவுக்கு வந்தது போலிருந்தது. என் சீருடையிலிருந்த மண்ணை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "சாயங்காலம் சீக்கிரம் வூட்டுக்கு வா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கணக்கு மிஸ்ஸைப் பார்க்கவே இல்லை.

முதல் திருப்புதல் தேர்வில் எனக்கு நல்ல மார்க். அம்மா பக்கத்து வீடுகளில் எல்லாம் வல்லாரைத் துவையல் செய்வது எப்படி என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். நான் மறுத்துப் பேசவில்லை.

அதற்குப் பிறகு ஒரு காலையில் என் தோழி கம்பத்தருகே பாய்ந்து ஒருத்தியைத் தொட முயன்று, கால் மடங்கி விழுந்தாள். எலும்பு முறியவில்லை, நல்ல சுளுக்கு. கணுக்கால் பந்து மாதிரி வீங்கிவிட்டது. அவள் அப்பா பைக்கில் வந்து அழைத்துப் போனார். தலைமையாசிரியருக்குத்தான் பொறுக்கவில்லை. "பரீட்சை வருஷத்துல கை கால் ஒடிஞ்சா யாருங்க பதில் சொல்றது?" என்று பி.டி. சாரைக் கேட்டார். அவர் சொன்னதில் தப்பும் இல்லை. ஆட்டம் நின்றது.

காலையில் அதே பஸ்ஸில் வந்தோம். வந்து வகுப்பில் உட்கார்ந்து படித்தோம். படிப்பதற்குக் கூடுதலாக நேரம் கிடைத்தது. கணக்குப்படி பார்த்தால் இன்னும் நன்றாகப் படித்திருக்க வேண்டும். ஆனால் சில நாட்களிலேயே கொட்டாவிகள் வந்துவிட்டன. எனக்குப் பழையபடி இரண்டாம் படியில் முதல் படி தொலைந்தது. வாரத் தேர்வுத் தாளைக் கொடுக்கும்போது மிஸ் என்னை நிறுத்தினார்.

"என்னாச்சு உனக்கு? நல்லாத்தானே போட்டுக்கிட்டிருந்த?"

"ஆட்டம் நின்னு போச்சுங்க மிஸ்."

"ஆட்டத்துக்கும் கணக்குக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"தெரியலைங்க மிஸ். ஓடிட்டு வந்து உக்காந்தா, வூட்டைக் கூட்டித் தள்ளின மாதிரி இருக்குது தலைக்குள்ள. எது எங்க இருக்குதுன்னு தெரியுது."

மிஸ் என் தாளைப் பார்த்தார். பிறகு வகுப்பைப் பார்த்தார். கடைசி பெஞ்சில் இரண்டு பேர் மேஜையில் தலை சாய்த்திருந்தார்கள். அவர்களை அதட்டவில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, மாடிப்படியில் கைப்பிடியைப் பற்றி ஒவ்வொரு படியாக இறங்கித் தலைமையாசிரியர் அறைக்குப் போனார். என்ன பேசினார் என்று எங்களுக்குத் தெரியாது. திரும்பி வந்தவர், "நாளையிலிருந்து ஆடலாம். பி.டி. சார் கூட இருக்கணும். கம்பத்துக்கிட்ட யாரும் பாயக் கூடாது" என்றார். வகுப்பு கத்திய கத்தலில் பக்கத்து வகுப்பு சார் எட்டிப் பார்த்தார்.

கால் சரியாகும்வரை என் தோழிக்கு விசில் கொடுத்தார்கள். காலை நீட்டிப் படியில் உட்கார்ந்து ஊதினாள். இரண்டு நாள் எரிச்சலோடுதான் ஊதினாள். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டாள்.

"வெளிய உக்காந்து பாத்தாத்தான் தெரியுது. நீ ஓடறவ மூஞ்சியையே பாக்கற. மூஞ்சி ஒரு பக்கம் காட்டும், அவ வேற பக்கம் போவா. இடுப்பைப் பாரு. இடுப்பு திரும்பாம ஒருத்தியும் திரும்ப முடியாது."

தரையில் ஒரு குச்சியால் வரிசையை வரைந்தாள். எந்த இடத்தில் கோ கொடுத்தால் ஓடுகிறவளுக்கு வழி குறையும் என்று காட்டினாள். வகுப்பில் வாயே திறக்காதவள் அன்று நிறுத்தாமல் பேசினாள். மிஸ் படியிறங்கி வந்து பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்ததை நாங்கள் பார்க்கவில்லை.

"இதையே வடிவியல்ல பண்ணேன்டி. படத்துல முதல்ல எதைப் பாக்கணும், எதை விடணும், அவ்வளவுதான்" என்றார்.

அவளுக்கு அது எவ்வளவு போய்ச் சேர்ந்ததோ, எனக்குச் சேர்ந்தது. வட்டமும் தொடுகோடும் முக்கோணமும் பின்னிக் கிடக்கும் படத்தில் எல்லாக் கோட்டையும் ஒரே நேரத்தில் பார்த்துக் குழம்புவதுதான் அதுவரை என் பழக்கம். அன்றிலிருந்து ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை விடக் கற்றேன்.

பொதுத்தேர்வு நல்லபடியாக முடிந்தது. நான் நினைத்ததைவிடக் கூடுதலாக மார்க் வாங்கினேன். என் தோழி கணக்கில் தேறினாள். அதற்கு அவள் வீட்டில் பாயசம் வைத்தார்கள். எல்லாம் ஆட்டத்தால்தான் என்று சொல்லிவிட முடியாது. எங்கள் அணியிலேயே ஒருத்தி கணக்கில் போய்விட்டாள். துணைத் தேர்வு எழுதித்தான் தேறினாள். வகுப்பில் முதல் மார்க் வாங்கியவள் ஒரு நாளும் மைதானத்தில் கால் வைத்தவள் இல்லை. ஓடினால் மூளை வளரும் என்று நான் யாருக்கும் உபதேசம் செய்வதில்லை. என் தலையை எனக்குத் திருப்பிக் கொடுத்தது எது என்று மட்டும் எனக்குத் தெரியும்.

என் தோழி டிப்ளமோ முடித்து இப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். நாள் முழுக்க நின்றுகொண்டே செய்கிற வேலை. அவளுக்கு அது பிடித்திருக்கிறது. நான் கல்லூரியில் கணிதம் படிக்கிறேன், விடுதியில் இருக்கிறேன். கல்லூரியில் கோ-கோ அணி இல்லை. அதனால் சாயங்காலம் விடுதி வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் வேகமாக நடப்பேன். ஒரு தேற்றத்தின் நிரூபணத்தை வாய்க்குள் சொல்லிக்கொண்டே நடந்தால் எங்கே சிக்குகிறது என்று தெரிந்துவிடும்.

போன மாதம் எங்கள் வார்டன் அக்கா என்னை வழிமறித்தார்.

"தெனமும் பாக்கறன். நடந்துக்கிட்டே யாருகூடப் பேசற? போனை எடு."

"போன் ரூம்ல இருக்குதுங்க அக்கா" என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன்.

காதில் ஏதாவது செருகியிருக்கிறேனா என்று அதையும் பார்த்தார். ஒன்றுமில்லை.

"அப்ப என்னதான் சொல்லிக்கிட்டிருக்க?"

"கணக்குங்க."

"எனக்கும் டாக்டர் நடக்கத்தான் சொல்லியிருக்காரு, சுகருக்கு. தனியா நடக்கச் சோம்பலா இருக்குது" என்றார் அவர். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். "சரி, நட. கொஞ்சம் மெதுவா. அந்தக் கணக்கை வாய்விட்டுச் சொல்லு, நானும் கேட்டுக்கிட்டே வர்றன்."